பதினெட்டு முதல் இருபத்திரண்டு வரை

தைப்பொங்கல் முடிந்த கையோடு வடமராட்சிப் பள்ளிக்கூடங்களில் இல்ல மெய்வல்லுநர் போட்டிக் காலம் தொடங்கிவிடும். உடுப்பிட்டியிலும் அப்படித்தான். சுண்ணாம்பால் ஓடுபாதைக் கோடுகள் விழும். தடியும் ஓலையும் நிறக் கடதாசியுமாக இல்ல அலங்காரங்கள் எழும்பும். அணிநடை, அஞ்சலோட்டம், நீளம் பாய்தல், பழைய மாணவர் ஓட்டம் என்று பொழுது சாயும்வரை ஊரே மைதானத்து வேலியோரம் நிற்கும். வெறுங்காலோடு நூறு மீற்றர் ஓடி முடிக்கும் ஒரு பையனையாவது பார்த்து, “இவன் எங்கேயோ போகப் போறான்” என்று யாரேனும் சொல்லாத வருடம் கிடையாது.

அவன் போகவேண்டிய படிகளும் ஒழுங்காகத்தான் இருக்கின்றன. கோட்ட மட்டம், வலய மட்டம், மாகாண மட்டம், அதற்கு மேல் தேசிய மட்டம். கொழும்பு சுகததாச அரங்கின் செயற்கை ஓடுபாதையில் முதன்முதலாகக் கால் வைக்கும் வடமராட்சிப் பிள்ளைகள் ஒவ்வொரு ஆண்டும் இருக்கிறார்கள். இருபது வயதுப் பிரிவோடு அந்தப் படிக்கட்டு முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு அந்தப் பையன் எங்கே போனான் என்று கேட்டால், பதில் பெரும்பாலும் விளையாட்டோடு சம்பந்தமில்லாத ஒரு ஊரின் பெயராகவோ வெளிநாட்டின் பெயராகவோ இருக்கும்.

இந்தக் கட்டுரை அந்த இடைவெளியைப் பற்றியது. பதினெட்டு வயதில் திறமையோடு நிற்கும் பிள்ளையை இருபத்திரண்டு வயதுவரை யார் தாங்குகிறார்கள்? உலகில் இந்தக் கேள்விக்கு மிக விரிவான, மிகச் செலவான விடையைக் கட்டிவைத்திருக்கும் நாடு அமெரிக்கா. அந்த விடையின் உச்சியில் நிற்பவர் கல்லூரி அமெரிக்கக் கால்பந்து அணியின் குவாட்டர்பக். அவருடைய வாழ்க்கை எப்படி உருவாக்கப்படுகிறது என்று பார்த்தால், நம்மிடம் எது இருக்கிறது, எது இல்லை என்பது துலங்கும்.

உடுப்பிட்டியில் இருந்துகொண்டு அமெரிக்காவைப் பேசுவதற்கு ஒரு நியாயமும் உண்டு. 1816 இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மிஷனின் கல்விப் பணியில் பிறந்ததுதான் உடுப்பிட்டி அமெரிக்க மிஷன் கல்லூரி. அதன் தொடக்கம் 1852. வட்டுக்கோட்டையில் செமினரி, உடுவிலில் பெண்கள் விடுதிப் பள்ளி, மானிப்பாயில் மருத்துவம், அச்சகம் என்று அந்த மிஷன் இங்கே விட்டுப்போனவை பல. அவர்களுடைய நாட்டு விளையாட்டு மட்டும் வரவில்லை. அது அப்போது பிறந்திருக்கவும் இல்லை. ரட்கர்ஸ், பிரின்ஸ்டன் கல்லூரிகள் மோதிய முதலாவது ஆட்டம் 1869 நவம்பரில்தான் நடந்தது. நமக்குக் கிரிக்கெட்டும் உதைபந்தாட்டமும் பிரித்தானியர் வழியாக வந்தன. இன்று வடமராட்சியில் மாலை நேரத்து ஒழுங்கைகளில் சத்தம் கேட்கும் கரப்பந்தாட்டம் 1895 இல் மசாசுசெற்ஸ் மாநிலத்தில், அமெரிக்க மிஷனரிகள் பலரின் சொந்தப் பிரதேசமான நியூ இங்கிலாந்தில் பிறந்தது.

குவாட்டர்பக்கின் வேலையை அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். பக்கத்துக்குப் பதினொரு பேர். பந்து நீள்வட்டமானது, அதைக் கையால் எறியலாம், தூக்கிக்கொண்டு ஓடலாம். தாக்கும் அணிக்குப் பத்து யார் முன்னேற நான்கு முயற்சிகள் உண்டு. ஒவ்வொரு முயற்சியும் நடுவில் குனிந்து நிற்கும் வீரர் தன் கால்களுக்கிடையால் பந்தைப் பின்னே கொடுப்பதோடு தொடங்குகிறது. அதை வாங்குபவர் குவாட்டர்பக். அந்தக் கணத்திலிருந்து அவருக்கு ஏறத்தாழ மூன்று விநாடிகள் கிடைக்கும். நூற்றிருபது, நூற்றுமுப்பது கிலோ எடையுள்ள எதிரணியினர் அவரைத் தரையில் வீழ்த்தப் பாய்ந்து வருவார்கள். தன் பக்கத்து ஓட்டக்காரர்கள் நாலைந்து பேர் வெவ்வேறு திசைகளில் ஓடிக்கொண்டிருப்பார்கள். யார் இப்போது தனியாக இருக்கிறார் என்பதல்ல, இன்னும் ஒரு விநாடியில் யார் தனியாக இருப்பார் என்பதைக் கணித்து, ஆளில்லாத இடத்தை நோக்கி அவர் பந்தை எறியவேண்டும். பந்து போய்ச் சேரும்போது ஆள் அங்கே இருப்பார். தடுப்பவர்கள் நிற்கும் நிலையைப் பார்த்து, ஆட்டம் தொடங்குமுன்பே திட்டத்தை மாற்றி உரத்துக் குரல் கொடுப்பதும் அவர்தான்.

இதைச் செய்யத் தோள்பலம் போதாது. நூற்றுக்கணக்கான ஆட்டத் திட்டங்களை மனத்தில் வைத்திருக்க வேண்டும். எதிரணியின் ஒளிப்பதிவுகளைக் கிழமைக்குப் பல மணிநேரம் பார்க்கவேண்டும். அதனால்தான் பள்ளிக்கூடத்தில் எவ்வளவு மின்னினாலும் ஒரு குவாட்டர்பக் பதினெட்டில் முழுமை பெறுவதில்லை. இருபத்திரண்டு, இருபத்திமூன்றில்தான் பெறுகிறார். இடையில் உள்ள ஆண்டுகளைக் கல்லூரி சுமக்கிறது.

ஜோ பரோவின் கதை இதற்கு மிக நல்ல சான்று. ஒஹாயோ மாநிலத்தின் தென்கிழக்கில், வறுமைக்குப் பெயர்போன மாவட்டம் ஒன்றிலுள்ள ஏதென்ஸ் என்ற சிறிய ஊரில் வளர்ந்தவர். 2015 இல் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே மூன்று ஆண்டுகள் அவருக்கு ஆட்டமே கிடைக்கவில்லை என்று சொல்லலாம். குவாட்டர்பக் இடம் அணிக்கு ஒன்றுதான். இரண்டாமவர், மூன்றாமவர் எல்லாரும் பக்கக்கோட்டில் நிற்க வேண்டியவர்கள். அந்த மூன்று ஆண்டுகளில் அவர் பட்டத்தை முடித்தார். 2018 இல் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு மாறினார். அங்கே முதல் ஆண்டு பரவாயில்லை என்ற அளவில் போனது. அடுத்த ஆண்டு அணி ஆடிய பதினைந்து ஆட்டங்களிலும் வென்றது. எதிரணியின் எல்லைக்குள் பந்து சேர்ந்து புள்ளி தரும் ரச்டவுன் எறிகள் 60 ஐப் பரோ கொடுத்தார். கல்லூரி வீரருக்கான மிக உயர்ந்த விருதான ஹைஸ்மன் கிண்ணம் 2019 டிசம்பரில் அவர் கைக்கு வந்தது. 2020 ஏப்ரலில் தொழில்முறை லீக்கின் வீரர் தெரிவில் முதலாவது பெயர் அவருடையது.

ஹைஸ்மன் விருதை வாங்கிய மேடையில், தன் ஊரில் இரவுச் சாப்பாடு இல்லாமல் படுக்கப்போகும் பிள்ளைகளைப் பற்றி அவர் பேசினார். அந்தப் பேச்சைக் கேட்டவர்கள் ஏதென்ஸ் மாவட்ட உணவு வங்கிக்கு அனுப்பிய நன்கொடை சில நாட்களில் நான்கு இலட்சம் டொலரைத் தாண்டியது. தன் ஊரைத் தோளில் சுமந்த வீரனை ஊரும் மறக்காது என்பதை நாம் வேறு யாரிடமும் படிக்கத் தேவையில்லை. ஆனால் எனக்கு இந்தக் கதையில் முக்கியமாகப் படுவது அந்த மேடையல்ல. அதற்கு முந்திய மூன்று ஆண்டுகள். ஆட்டமே கிடைக்காத ஒரு இளைஞனுக்கு அந்த நாட்டில் சாப்பாடும் படிப்பும் பயிற்சியும் மருத்துவமும் தங்குமிடமும் கிடைத்துக்கொண்டிருந்தன. அவன் இருபது வயதில் கைவிடப்பட்டிருந்தால் இருபத்திமூன்றில் அவனை யாரும் அறிந்திருக்க மாட்டார்கள்.

கல்லூரி விளையாட்டை ஆளும் சங்கமான என்.சி.ஏ.ஏ. 1906 இல் உருவானது. ஆட்டக்களத்தில் மாணவர்கள் இறந்துபோன ஆண்டுகளின் பின்விளைவு அது. வீரர் ஒருவர் ஐந்து ஆண்டுகளுக்குள் நான்கு பருவங்கள் ஆடலாம் என்பதும், குறிப்பிட்ட மதிப்பெண்ணும் பாடச் சுமையும் இல்லாமல் களமிறங்க முடியாது என்பதும் அதன் நெடுநாள் விதிகள். இந்த அமைப்பில் குறைகளும் உண்டு, அவை சிறியவையல்ல. கோடிக்கணக்கான டொலர் புரளும் ஆட்டங்களை ஆடிய மாணவர்களுக்கு நூறாண்டுக்கு மேலாகச் சம்பளம் என்று ஒன்றும் இல்லை. தங்கள் பெயராலும் உருவத்தாலும் வருமானம் பெறும் உரிமை 2021 ஜூலையில்தான் வந்தது. பல்கலைக்கழகங்கள் வருவாயை நேரடியாகப் பகிர 2025 ஜூனில்தான் நீதிமன்றம் வழிவிட்டது. தலையில் மோதல் விழுந்து விழுந்து மூளை சிதைவதும் உண்மை. 2017 இல் வெளியான பொஸ்ரன் பல்கலைக்கழக ஆய்வில், ஆராயப்பட்ட முன்னாள் கல்லூரி வீரர்களின் 53 மூளைகளில் 48 இல் அந்தச் சிதைவு காணப்பட்டது. குடும்பத்தார் ஐயப்பட்டுத் தானம் கொடுத்த மூளைகள் அவை என்பதால் எல்லா வீரர்களுக்கும் அந்த விகிதம் பொருந்தாது. ஆனாலும் அலட்சியம் செய்யக்கூடிய செய்தியல்ல அது. கல்லூரியில் ஆடுபவர்களில் தொழில்முறை அணிக்குப் போய்ச் சேருபவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை.

அந்த ஆட்டத்தையோ அந்தப் பணத்தையோ நாம் இரவல் வாங்கத் தேவையில்லை. மீதித் தொண்ணூற்றெட்டுப் பேரில் பெரும்பாலோர் பட்டத்தோடு வெளியேறுகிறார்கள் என்பதைக் கவனித்தால் போதும்.

யாழ்ப்பாணத்துப் பிள்ளை ஒருவருக்கு அந்த நான்கு ஆண்டுகள் கிடைத்தால் என்ன நடக்கும்? ஊகிக்க வேண்டியதில்லை, அது நடந்திருக்கிறது. நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1934 ஓகஸ்ட் 24 இல் பெரியவிளானில் பிறந்தவர். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் படித்தார். உயரம் பாய்தலில் அவருடைய திறமை பள்ளிக்கூட நாட்களிலேயே நாட்டளவில் தெரிந்துவிட்டது. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் இலங்கைக்காகப் பாய்ந்தபோது அவருக்குப் பதினெட்டு வயதுகூட நிறையவில்லை. 1956 இல் மெல்பேர்ண் ஒலிம்பிக்கிலும் பாய்ந்தார். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில் படித்தார். அதன் மெய்வல்லுநர் அணியில் பாய்ந்தார். அந்த நாட்களில் அங்கே மெய்வல்லுநர் பயிற்றுநராக இருந்தவர் டக்கி டிரேக். பின்னாளில் ஒலிம்பிக் பத்து அம்சப் போட்டியில் தங்கம் வென்ற ரேஃபர் ஜோன்சன் அதே அணியில் இருந்தார்.

1958 இல் ரோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் எதிர்வீரசிங்கம் 2.03 மீற்றர் பாய்ந்தார். ஆசிய விளையாட்டு விழாவில் இலங்கை பெற்ற முதலாவது தங்கம் அது. இன்றைய பிள்ளைகளுக்கு ஒரு விஷயத்தைச் சொல்லிக் கொடுக்கவேண்டும். அப்போது பாய்பவர் விழுவதற்குப் பஞ்சு மெத்தை கிடையாது. மணலோ மரத்தூளோ குவித்த குழிதான். முதுகைக் கீழே போட்டுப் பாயும் ஃபொஸ்பரி முறை 1968 மெக்சிக்கோ ஒலிம்பிக்கில்தான் உலகுக்குத் தெரியவந்தது. அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்னர், காலில் வந்து இறங்கக்கூடிய முறையில், தன்னைவிட உயரமான கம்பைத் தாண்டிய யாழ்ப்பாணத்தார் அவர். 1962 ஜகார்த்தாவில் வெள்ளியும் வென்றார்.

இதற்குப் பிறகு அவர் செய்தவை எனக்குத் தங்கத்தைவிடப் பெரியவையாகத் தெரிகின்றன. கோர்னெல் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார். ஆபிரிக்காவில் கற்பித்தார். முதுமையிலும் வடக்கு கிழக்குப் பிள்ளைகளின் படிப்புக்கும் விளையாட்டுக்கும் உழைத்தார். 2024 இல் மறையும்வரை அந்த அக்கறை குறையவில்லை. படிப்பும் விளையாட்டும் ஒன்றையொன்று தின்னும் என்று நம்மூரில் பெற்றோர் அஞ்சுகிறார்களே, அந்த அச்சத்துக்கு எதிராக வைக்கக்கூடிய மிக வலுவான சான்று இவர்தான். அவர் விதிவிலக்கான மனிதர் என்பதில் சந்தேகமில்லை. இரண்டையும் ஒரே கூரையின் கீழ் செய்ய அவருக்கு ஓரிடம் கிடைத்தது என்பதும் அதேயளவு உண்மை.

அறுபது ஆண்டுகள் கழித்து இதே பாதையில் இன்னொரு தமிழர் போனார், அவரும் உயரம் பாய்பவர். டெல்லியில் வாழும் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளையான தேஜஸ்வின் சங்கர், கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தின் புலமைப்பரிசிலில் படித்து 2018 இலும் 2022 இலும் அமெரிக்கக் கல்லூரிச் சம்பியனானார். 2022 பேர்மிங்ஹாம் பொதுநலவாய விளையாட்டு விழாவில் வெண்கலம், அடுத்த ஆண்டு ஹாங்சோ ஆசிய விளையாட்டு விழாவில் பத்து அம்சப் போட்டியில் வெள்ளி. டென்னிஸில் சென்னையில் வளர்ந்த சோம்தேவ் தேவ்வர்மன், வேர்ஜீனியாப் பல்கலைக்கழகத்துக்கு ஆடி 2007, 2008 இரண்டு ஆண்டுகளும் கல்லூரிச் சம்பியனான பிறகே தொழில்முறைக்குள் போனார். பதினெட்டில் போதாமல் இருந்தவர்கள் இருபத்திரண்டில் போதுமானவர்களாக வெளியே வந்தார்கள்.

இனி உடுப்பிட்டிக்கு வருவோம். இங்கே பதினெட்டு வயது என்றால் க.பொ.த உயர்தரம். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே ரியூஷன் தொடங்கிவிடும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு நெல்லியடிக்கு. சனி ஞாயிறிலும் வகுப்பு. மைதானத்தில் நிற்கவேண்டிய நாலு மணிக்குப் பிள்ளை பௌதிகவியல் வகுப்பில் இருக்கும். இதற்காகப் பெற்றோரைக் குறைசொல்ல நான் ஒருப்படமாட்டேன். எழுபதுகளின் பல்கலைக்கழக அனுமதித் தரப்படுத்தலுக்குப் பிறகு ஒரு புள்ளி குறைந்ததால் திசைமாறிய வாழ்க்கைகளைக் கண்ட சமூகம் இது. பல்கலைக்கழக அனுமதி பெரும்பங்கு மாவட்ட ஒதுக்கீட்டில் நடக்கிறது, போட்டி கடுமையானது. நிலமும் வீடும் பறிபோன காலங்களில்கூடக் கையில் மிஞ்சியது படிப்பு மட்டும்தான் என்று கண்ட தாய்மார், பிள்ளையைப் புத்தகத்தின் முன் இருத்துவதில் நியாயம் இருக்கிறது.

பரீட்சை முடிந்து, பெறுபேறு வந்து, பல்கலைக்கழகம் தொடங்கும்வரை ஓர் ஆண்டோ அதற்கு மேலோ கழிந்துவிடும். ஒரு விளையாட்டு வீரனின் உடம்பு மிக வேகமாக வளர்ச்சி காணவேண்டிய நேரம் அது. பள்ளி அணியில் இனி இடமில்லை. பல்கலைக்கழக அணி இன்னும் இல்லை. பயிற்றுநரும் இல்லை. பாடத்துக்குப் புறம்பான துறைகளில் சிறந்து விளங்கியவர்களைப் பல்கலைக்கழகங்களில் சேர்ப்பதற்கு விசேட அனுமதி ஒன்று நாட்டில் இருக்கத்தான் செய்கிறது. அதற்கும் உயர்தரத்தில் தகைமை வேண்டும். தேசிய, சர்வதேச மட்டச் சான்றிதழ்கள் வேண்டும். இடங்களோ மிகக் குறைவு. உள்ளே போன பிறகும், விளையாட்டுக்காகச் சேர்க்கப்பட்ட மாணவருக்கு அமெரிக்கக் கல்லூரியில் கிடைப்பது போன்ற முழுநேரப் பயிற்சியும் போசாக்கும் கிடைப்பதில்லை.

போர் தின்ற ஆண்டுகளையும் கணக்கில் எடுக்கவேண்டும். 1987 மே மாதம் வடமராட்சியில் தொடங்கிய படை நடவடிக்கைக்குப் பின்னர் இந்தப் பகுதியின் ஒரு முழுத் தலைமுறை மைதானத்தை நிம்மதியாகக் கண்டதில்லை. யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை மூடப்பட்ட காலங்களில் ஒரு பள்ளி அணி கொழும்புக்குப் போய் ஆடிவருவது என்ற பேச்சுக்கே இடமிருக்கவில்லை. யாழ்ப்பாணத்தின் பிரதான அரங்கான துரையப்பா விளையாட்டரங்கை 1999 இல் புனரமைக்கத் தோண்டியபோது மனித எச்சங்கள் வெளிவந்தன. அதே அரங்கு இந்திய உதவியோடு திருத்தப்பட்டு 2016 ஜூனில் திறக்கப்பட்டது. இடையில் விழுந்த முப்பது ஆண்டுகளில் இழந்தது கட்டடங்களை மட்டுமல்ல. பயிற்றுநர் பரம்பரையே அறுந்துபோனது. முன்னாள் வீரர் பயிற்றுநராகி, அவர் உருவாக்கியவர் அடுத்த பயிற்றுநராவதுதான் எந்த விளையாட்டும் ஓரிடத்தில் வேர்விடும் வழி. நம்மிடம் முன்னாள் வீரர்கள் ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் இருக்கிறார்கள்.

இந்த வெற்றிடத்தைத் தங்களால் இயன்றவரை நிரப்பி வருபவை கழகங்கள். வதிரி டைமண்ட்ஸ், நவிண்டில் கலைமதி, இமையாணன் மத்தி போன்ற பெயர்கள் உடுப்பிட்டியைச் சுற்றியுள்ள யாருக்கும் அறிமுகம். மேற்கே இளவாலை யங்ஹென்றீஸ், கரையோரமாக நாவாந்துறை சென்மேரிஸ், குருநகர் பாடும்மீன். மேசன் வேலை முடித்து, கடலால் வந்து, கடை பூட்டிவிட்டு மாலையில் பூட்ஸ் கட்டுபவர்கள் அந்த அணிகளில் உண்டு. மின்னொளியில் நடக்கும் இறுதியாட்டத்துக்கு ஆயிரக்கணக்கில் சனம் சேரும். ஆனால் இந்தக் கழகங்களின் ஆண்டு ஒரு சுற்றுப்போட்டியிலிருந்து இன்னொரு சுற்றுப்போட்டிக்குத் தாவுவதாகவே இருக்கிறது. புலம்பெயர்ந்த உறவுகள் அனுப்பும் பணம் கிண்ணத்துக்கும் பரிசுத் தொகைக்கும் சீருடைக்கும் மின்விளக்குக்கும் போகிறது. பதினெட்டு வயதுப் பையனின் முழங்கால் தசைநார் கிழிந்தால் அதைப் பார்ப்பதற்கு ஒதுக்கிய பணம் என்று எந்தக் கணக்கிலும் இருப்பது அரிது. குவாட்டர்பக்கின் பக்கத்தில் எப்போதும் ஓர் உடற்சிகிச்சையாளர் நிற்கிறார். நம்முடைய பையன் எண்ணெய் தடவி, துணி சுற்றி, அடுத்த கிழமையும் இறங்குகிறான். அந்தக் கால் இருபத்தைந்து வயதில் அவனைக் கைவிடுகிறது.

கழகத்துக்கு மேலே என்ன? இலங்கையில் விளையாட்டு வீரரைச் சம்பளத்தோடு வைத்திருக்கும் நிறுவனங்களில் முதலிடம் முப்படைகளுக்கும் பொலிஸுக்கும். தேசிய மட்ட மெய்வல்லுநர் பதக்கப் பட்டியலை எடுத்துப் பார்த்தால் இராணுவ, கடற்படை, விமானப்படை விளையாட்டுக் கழகங்களின் பெயர்களே நிறைந்திருக்கும். தெற்கில் ஒரு கிராமத்துப் பிள்ளைக்குப் பதினெட்டில் திறக்கும் கதவு அது: சம்பளம், உணவு, பயிற்சி, ஓய்வூதியம். வடமராட்சிப் பிள்ளைக்கு அந்தக் கதவு வரலாற்றால் மூடப்பட்டிருக்கிறது. இதை வெளிப்படையாகச் சொல்லாமல் வடக்கிலிருந்து ஏன் தேசிய வீரர்கள் குறைவு என்று கேட்பதில் பொருளில்லை. உதைபந்தாட்டத்திலோ நாட்டு நிர்வாகமே தள்ளாடுகிறது. 2023 ஜனவரியில் ஃபிஃபா இலங்கையை இடைநிறுத்தி, ஓகஸ்ட் மாத இறுதியில்தான் மீள அனுமதித்தது.

பெண் பிள்ளைகளின் நிலையைத் தனியாகப் பார்க்கவேண்டும். ஏனென்றால் பள்ளி மட்டத்தில் அண்மைக்கால யாழ்ப்பாணத்தின் பெரிய சாதனைகளில் பல அவர்களுடையவை. தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரியின் பெண்கள் உதைபந்தாட்ட அணி அகில இலங்கை மட்டத்தில் பெற்ற வெற்றிகளை எந்த ஆண்கள் அணியோடும் ஒப்பிடலாம். அதே கல்லூரியில் படித்த அனித்தா ஜெகதீஸ்வரன், பெண்களுக்கான கோலூன்றிப் பாய்தலில் தேசிய சாதனையைத் திரும்பத் திரும்ப முறியடித்தவர். கோலூன்றிப் பாய்தலில் எல்லாருக்கும் ஒரே கோல் பொருந்தாது. பாய்பவரின் எடைக்கும் பிடிக்கும் உயரத்துக்கும் ஏற்பக் கோலின் நீளமும் விறைப்பும் மாறவேண்டும்; உடம்பு வளர வளர, வேகம் கூடக் கூட, புதிய கோல் வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரவேண்டிய, ஒரு குடும்பத்தின் பல மாத வருமானத்தை விழுங்கும் பொருள் அது. மெத்தையும் அப்படியே. உடுப்பிட்டியிலோ தெல்லிப்பழையிலோ ஒரு பிள்ளை அடுத்த பத்துச் சென்ரிமீற்றரை எட்டுவாளா என்பது பல வேளைகளில் அந்தக் கோல் வந்து சேருவதில் தங்கியிருக்கிறது.

வலைப்பந்தாட்டத்தில் தர்ஜினி சிவலிங்கம், புன்னாலைக்கட்டுவன் ஏவிணையிலிருந்து வந்தவர். 2.08 மீற்றர் உயரம். 2009 இலும் 2018 இலும் ஆசியச் சம்பியனான இலங்கை அணிகளின் கோல் வளையத்தடியில் நின்றவர். அவுஸ்திரேலியக் கழக அணிகளும் அவரைத் தேடிக் கூப்பிட்டன. வலைப்பந்தாட்டத்தில் வங்கிகளும் வர்த்தக நிறுவனங்களும் வீராங்கனைகளுக்கு வேலை கொடுத்து அணி நடத்தும் வழக்கம் இலங்கையில் உண்டு. ஒரு பெண் இருபதுகளில் தொடர்ந்து ஆட அந்த வேலை எவ்வளவு முக்கியம் என்பதைச் சொல்லத் தேவையில்லை. அப்படியொரு வேலை யாழ்ப்பாணத்தில் இருந்தபடியே கிடைக்குமானால், எத்தனையோ வீடுகளில் தொடர்ந்து ஆட அனுமதி கிடைக்கும்.

கிரிக்கெட்டில் விஜயகாந்த் வியாஸ்காந்த். 2001 டிசம்பர் 5 இல் பிறந்தவர். எதிர்வீரசிங்கம் படித்த அதே மத்திய கல்லூரி. 1904 இல் தொடங்கிய ‘வடக்கின் பெரும் சமர்’ என்ற பள்ளிக் கிரிக்கெட் ஆட்டத்தில் ஆடி வளர்ந்த சுழற்பந்து வீச்சாளர். 2020 இன் இறுதியில் லங்கா பிரீமியர் லீக் முதன்முதலாகத் தொடங்கியபோது யாழ்ப்பாணத்தின் பெயரில் ஓர் அணி அமைந்தது. தன் பத்தொன்பதாவது பிறந்தநாளுக்கு முதல்நாள் அவர் அந்த அணிக்காகக் களமிறங்கி, அஞ்சலோ மத்தியூஸின் விக்கெட்டை வீழ்த்தினார். 2023 இல் ஹாங்சோவில் இலங்கை அணிச் சீருடை. 2024 மே மாதம் ஹைதராபாத் அணிக்காக ஐ.பி.எல். அரங்கேற்றம். இந்தப் பையனுக்குத் திறமை இருந்தது, உழைப்பு இருந்தது. இரண்டும் அவருக்கு முன்னரும் பலரிடம் இருந்தன. அவர்களுக்கு இல்லாதது, பள்ளிக்கூடம் விடும் அதே ஆண்டில் யாழ்ப்பாணத்தின் பெயரோடு திறந்த ஒரு கதவு. அது இரண்டு ஆண்டு பிந்தித் திறந்திருந்தால் அவரும் வேறொரு வேலைக்குப் போயிருக்கக்கூடும் என்றே நினைக்கிறேன். 2025 செப்டெம்பரில் மண்டைதீவில் சர்வதேச மைதானத்துக்கு அடிக்கல் வைக்கப்பட்டது. நல்லது. ஆனால் மைதானம் பார்வையாளரைத்தான் முதலில் கொண்டுவரும். வீரரைக் கொண்டுவர வேறு ஏற்பாடு வேண்டும்.

அந்த ஏற்பாடு எங்கிருந்து வரலாம்? அரசு செய்யவேண்டும் என்பது சரி. செய்யும்வரை காத்திருந்தால் இன்னும் ஒரு தலைமுறை போய்விடும். நம் பழைய மாணவர் சங்கங்கள் வெளிநாடுகளில் கட்டடத்துக்கும் கணினிக்கும் பணம் சேர்த்துப் பழகியவை; சேர்த்ததை நேர்மையாகச் செலவிட்டும் காட்டியவை. உடுப்பிட்டியின் பழைய மாணவர்கள், ஆணும் பெண்ணுமாக ஆண்டுக்கு இருவரைத் தெரிந்து, நான்கு ஆண்டுகள் கைவிடாமல் தாங்குவதாக ஒரு திட்டத்தைத் தொடங்கலாம். சுற்றுப்போட்டி ஒன்றின் பரிசுத் தொகையையும் அலங்காரச் செலவையும் இதற்குத் திருப்பினாலே தொடங்கிவிடலாம். அந்தப் பணம் போகவேண்டிய இடங்கள் தெளிவாக இருக்கின்றன: யாழ்ப்பாணத்துக்குப் போய்வரும் பஸ் காசு, நாளுக்கு இரண்டு முட்டையும் பாலும், ஓர் உடற்சிகிச்சையாளரின் மாதாந்த வருகை, ஆண்டுக்கு ஒருமுறை தரமான பூட்ஸ் அல்லது ஸ்பைக்ஸ், தேசியப் போட்டிக்குக் கொழும்பில் தங்கும் செலவு. உயர்தரத்தில் தவறினால் தொழிற்கல்வி, தேறினால் பல்கலைக்கழகம். இரண்டில் எதுவானாலும் விளையாட்டு நின்றுபோகக்கூடாது என்பது நிபந்தனை. படிப்பைக் கைவிட்டால் உதவியும் நிற்கும் என்பது மறுபக்க நிபந்தனை. அமெரிக்கக் கல்லூரிகளின் விதிகளில் நாம் அப்படியே எடுத்துக்கொள்ளக்கூடியது அதுதான்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பரீட்சைக்கும் அனுமதிக்கும் இடையில் வெறுமையாகக் கிடக்கும் அந்த ஓர் ஆண்டில், மாகாண மட்டத்தில் வென்ற பிள்ளைகளைத் தன் மைதானத்திலும் உடற்பயிற்சிக் கூடத்திலும் பயிற்சி பெற அனுமதிக்கலாம். பாரிய செலவில்லை. வலயக் கல்வி அலுவலகம் ஒரு பெயர்ப் பட்டியலை அனுப்பினால் போதும். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் உள்ள நம் பட்டதாரிகள், கல்லூரிப் புலமைப்பரிசில் விண்ணப்பங்களைப் பதினோராம் தரத்திலிருந்தே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாம். ஆங்கிலத் தேர்வு எது, நேரப்பதிவை எப்படி உறுதிப்படுத்துவது, காணொளியை எந்தப் பயிற்றுநருக்கு அனுப்புவது என்பவை தெரியாததால் மட்டும் தவறும் வாய்ப்புகள் இருக்கின்றன. எதிர்வீரசிங்கத்தின் காலத்தில் கடிதம் கப்பலில் போனது. இன்றைக்கு வடமராட்சியில் குண்டெறியும் ஒரு பிள்ளையின் தூரத்தை அன்று மாலையே கன்சாஸில் ஒரு பயிற்றுநர் பார்க்கமுடியும். அதை அனுப்பிவைக்கும் பொறுப்பை, வலயத்துக்கு ஓர் ஆசிரியருக்கேனும், எழுத்தில் கொடுக்கவேண்டும்.